பழுதுபார்ப்பவரின் கையொப்பம்

சாணை பிடிப்பவர் தெருவில் குரல் கொடுத்து வருகிறார். கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல் எனப் பலவும் அவரது சக்கரத்தில் கூர்மை பெறுகின்றன. ஒரு வீட்டில் அக்கத்தி காய் நறுக்கும். இன்னொரு வீட்டில் அதுவே ஒரு சண்டையின் முடிவில் இரத்தம் காணும். கூர்மையாக்கிக் கொடுத்தவருக்கு அதில் பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு? இல்லையெனில் ஏன் இல்லை? எளிதாகத் தோன்றும் இவ்வினாவை அறநெறி இறையியலார் நூற்றாண்டுகளாக விவாதித்து வந்துள்ளனர். இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

சாணைக்காரருக்கோ தம்மிடம் கத்தி நீட்டுபவரின் மனம் தெரியாது. அந்த அறியாமையே அவருக்குக் காப்பு. ஆனால் கருவியையும் அறிந்து, அதன் பயனையும் அறிந்து, அதைக் கையாள்வோரையும் அருகிருந்து அறிந்து, அதைச் செம்மையாக வைத்திருப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரை எடுத்துக்கொண்டால்தான் இவ்வினாவின் முழு எடை புலப்படும். அப்படி ஒருவர் அமெரிக்கத் தரைப்படையில் இருக்கிறார். மின்னணுவியல் கருவிகளின் பராமரிப்புக்குப் பொறுப்பான ‘வாரண்ட் ஆஃபீசர்’ என்பது அவரது பதவி. கடல் கடந்த நாட்டுப் படையில் உள்ள ஒருவரைப் பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும் என வாசகர் கேட்கலாம். மேற்கண்ட வினா ஒளிந்துகொள்ள இடமின்றி நிற்பது அவரிடத்தில்தான் என்பதே எமது விடை.

அப்பதவியின் இயல்பை முதலில் பார்ப்போம். படை என்றவுடன் ஆணையிடும் அதிகாரிகள், அதை நிறைவேற்றும் வீரர்கள் என்னும் இரு வகையினரே நம் நினைவுக்கு வருவர். வாரண்ட் ஆஃபீசர் இவ்விரு கரைகளுக்கும் நடுவில் நிற்பவர். நம் நாட்டுத் தரைப்படையில் சுபேதார் முதலியோர் வகிக்கும் இடைநிலையை இது ஓரளவு நினைவூட்டினும், இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கப் படையில் இவருக்குரிய இடம், ஒரு குறிப்பிட்ட துறையில் இவருக்குள்ள ஆழ்ந்த அறிவினாலேயே அமைவது.

இப்பெயரின் வேர் பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்து ஆங்கிலேயக் கடற்படையில் இருக்கிறது. கப்பலின் கேப்டன் வருவார், போவார். தச்சரும், பீரங்கிகளைக் காப்பவரும், பாய்களுக்கும் கயிறுகளுக்கும் பொறுப்பானவரும் கப்பலோடேயே இருப்பர். போர் ஓய்ந்து, கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டு வெறுமனே கிடக்கும் ஆண்டுகளிலும் அவர்கள் அதை விட்டு நீங்குவதில்லை. பெருங்குடியில் பிறந்தோர் அரசரின் பெயரால் பெற்ற ‘கமிஷன்’ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ‘வாரண்ட்’ எனப்பட்ட நியமனச் சீட்டு ஒன்றே கிடைத்தது. ஆயினும் அக்கப்பலின் எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்பதை அறிந்தவர் தச்சரே. கேப்டனின் உயிரும் அந்த அறிவின் மீதே மிதந்தது.

அமெரிக்கத் தரைப்படை இப்பதவியை 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஏற்படுத்திக்கொண்டது. துறைமுகங்களைக் காக்கும் பொருட்டுக் கடலில் கண்ணிவெடிகளைப் பதிக்கும் கப்பல்கள் அந்நாளில் தரைப்படையின் பொறுப்பில் இருந்தன. அக்கப்பல்களை ஓட்டவும், அவற்றின் எந்திரங்களைப் பேணவும் அனுபவமுள்ளோர் தேவைப்பட்டனர். அன்று கப்பல் எந்திரத்திற்காகத் தோன்றிய பதவி, பின்னர் வானூர்திக்கும் ராடாருக்கும் கணிப்பொறிக்கும் விரிந்தது. இன்று அதில் ஐந்து படிகள் உள்ளன. ஐந்தாம் படி 1992இல்தான் நடைமுறைக்கு வந்தது. மொத்தப் படையில் இவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர் அளவே. தோளில் வெள்ளிப்பட்டை, அதில் படிக்கேற்பக் கறுப்புக் குறிகள். இன்னொன்றும் சொல்லத் தகும். ஒவ்வொருவரையும் பதவியின் பெயரால் விளிக்கும் படையில், இவர்களை ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்றே முறைப்படி அழைக்கின்றனர். பட்டறையில் நெருக்கமாகச் ‘சீஃப்’ என்பர். அண்டை வீட்டாரை அழைப்பது போன்ற அந்த விளியை ஒரு பெருமையாகவே நாம் கருதுகிறோம்.

இப்பதவிக்கு வருகிறவர் எவ்வாறு வருகிறார்? பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞராக, அல்லது இளம்பெண்ணாக, சாதாரண வீரராகவே படையில் சேர்கிறார். நுழைவுத் தேர்வில் மின்னணுவியலில் நாட்டம் தெரிந்தால், வயர்லெஸ் கருவி அல்லது ராடார் பழுதுபார்க்கும் பயிற்சி கிடைக்கிறது. பிறகு சில ஆண்டுகள் கூடாரத்திலும் பட்டறையிலும் கழிகின்றன. சார்ஜண்ட் ஆகிறார், நான்கு பேரை வைத்து வேலை வாங்கக் கற்கிறார். அதன் பின்னரே விண்ணப்பிக்க முடியும். அவ்விண்ணப்பத்தோடு, அதே துறையில் முதிர்ந்த ஒரு வாரண்ட் ஆஃபீசரின் பரிந்துரைக் கடிதமும் இணைக்கப்பட வேண்டும். தச்சரைத் தச்சரே அடையாளம் காண வேண்டும் என்னும் பழைய மரபு இதில் தொடர்வதைக் காண்கிறோம். தேர்வானவர் அலபாமா மாநிலத்தின் ஃபோர்ட் ரக்கர் தளத்தில் சில வாரக் கடும்பயிற்சி பெற்று, தம் துறைக்கான பள்ளிக்குச் சென்று, முதற்படியில் அமர்கிறார். இரண்டு ஆண்டுகளில் இரண்டாம் படி. அதற்கு மேல் ஒவ்வொன்றும் நெடிய காத்திருப்பு.

இவ்வழியில் ஒரு துறவும் கலந்திருக்கிறது. திறமையுள்ள சார்ஜண்ட் விரும்பினால் லெப்டினன்ட் ஆகலாம்; பின் கேப்டனாகி ஒரு படைப்பிரிவையே நடத்தலாம். வாரண்ட் ஆஃபீசராகத் துணிபவர், பெரும்படைக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, தாம் கற்ற பொருளோடு தங்கிவிடுகிறார். இளம் லெப்டினன்ட் ஓரிரு ஆண்டுகளில் மாறிப்போவார். அடுத்தவர் வருவார், அவரும் போவார். ஒவ்வொருவருக்கும் ராடாரின் இயல்பை முதலிலிருந்து எடுத்துச் சொல்பவர், சில வேளைகளில் தம் மகன் வயதுடைய அந்த அதிகாரிக்கு வணக்கம் செலுத்தும் நரைத்த தலைதான்.

நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரை நாம் அறிவோம். தாம் அதிகாரத்திற்கு உட்பட்டவர் என்றும், தமக்குக் கீழே வீரர் உண்டு என்றும், போ என்றால் போவர், வா என்றால் வருவர் என்றும் அவர் சொல்கிறார். சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பதைப் படைவாழ்விலிருந்தே அவர் கற்றிருந்தார். நமது வாரண்ட் ஆஃபீசர் கற்றதோ வேறு. எந்திரம் யாருடைய சொல்லுக்கும் பணிவதில்லை. ஜெனரலே வந்து ஆணையிட்டாலும், இற்றுப்போன இணைப்பி மின்சாரத்தைக் கடத்தாது. பதவிக்கும் கோபத்திற்கும் அவசரத்திற்கும் செவிசாய்க்காத ஒன்றோடு இருபது முப்பது ஆண்டுகள் பழகுபவரின் உள்ளத்தில் ஒருவிதப் பணிவும், ஒருவித அஞ்சாமையும் சேர்ந்தே வளர்கின்றன.

அவருடைய அன்றாட உழைப்பில் வீரக்காவியம் எதுவும் இல்லை. மணலும் ஈரமும் இணைப்பிகளின் முனைகளை அரிக்கின்றன. ஈயம் வைத்துப் பற்றிய இடத்தில், கண்ணுக்கு எட்டாத வெடிப்பு விடுகிறது. உடைந்தது உடைந்தே கிடந்தால் கண்டுபிடிப்பது எளிது. பட்டறையில் வைத்தால் ஒழுங்காக இயங்குவதும், வண்டியில் ஏற்றி மேடுபள்ளத்தில் குலுங்கினால் மௌனமாகிவிடுவதுமான கருவிதான் சோதனை. அதைச் சோதித்தவர் குறையொன்றும் காணவில்லை என எழுதித் திருப்பி அனுப்பலாம், எழுதியதும் பொய்யாகாது. மறுநாள் இரவில் எங்கோ ஒரு வீரர் அக்கருவியை வாயருகே வைத்துக் கத்துவார்; மறுமுனையில் ஓசை இராது. குறை காணவில்லை என்பதற்கும் குறை இல்லை என்பதற்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் இத்தொழிலின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

சோதிக்கும் கருவியையும் சோதிக்க வேண்டும் என்பது இத்துறையின் இன்னொரு பாடம். மல்டிமீட்டர் முதலான ஒவ்வோர் அளவுக் கருவியிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். கடைசியாக அளவு சரிபார்க்கப்பட்ட நாளும், மீண்டும் சரிபார்க்க வேண்டிய நாளும் அதில் இருக்கும். நாள் கடந்துவிட்டால், எவ்வளவு நன்றாக இயங்கினாலும் அதை வைத்து எதையும் அளந்து சான்றளித்தல் ஆகாது. அதைச் சரிபார்க்கும் கருவியை அதனினும் நுட்பமான ஒன்று சரிபார்க்கும். அச்சங்கிலி நாட்டின் அளவைத் தரங்களைக் காக்கும் நிறுவனம் வரை நீளும். மனச்சான்றே இறுதி நீதிபதி எனப் பலர் எளிதாகச் சொல்லிவிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு இச்சீட்டே நினைவுக்கு வருகிறது. மனச்சான்றைப் பின்பற்ற வேண்டும்தான். அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் எது என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

இனிக் கையொப்பத்திற்கு வருவோம். அமெரிக்கத் தரைப்படையில் ஒரு கருவியை ஆய்ந்தவர், அதன் நிலையைப் படிவத்தில் ஒரு குறியால் காட்டுகிறார். சிறு குறைக்கு ஒரு சாய்கோடு. பயன்படுத்தவே கூடாத குறைக்குப் பெருக்கல் குறிபோன்ற ‘எக்ஸ்’. அந்த எக்ஸ் விழுந்துவிட்டால் கருவி நின்றுவிட்டது என்று பொருள். பழுது நீங்கும்வரை அதை எவரும் எடுத்துச் செல்லலாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு: வட்டமிட்ட எக்ஸ். குறை இருக்கிறது, ஆயினும் தேவை கருதி, வரம்புக்குட்பட்டுப் பயன்படுத்த உரிய அதிகாரி இசைகிறார் என்பது அதன் பொருள். அந்த வட்டத்தைப் போடும் உரிமை பழுதுபார்ப்பவருக்கு இல்லை. படைப்பிரிவின் தலைவருக்கோ, அவர் அதற்கென நியமித்தவருக்கோதான் உண்டு.

இந்த ஏற்பாட்டில் உள்ள அறிவுநுட்பம் நம்மை வியக்க வைக்கிறது. உண்மையைச் சொல்வது ஒருவர் கடமை. ஆபத்தை ஏற்பது இன்னொருவர் கடமை. இரண்டையும் ஒருவர் தலையில் கட்டவில்லை. தலைவருக்குத் தேவை இருக்கலாம். நாளை விடியலில் அவர் புறப்பட்டாக வேண்டும். அவர் வட்டம் போடட்டும். அதற்கு அவர் பதில் சொல்வார். ஆனால் அந்தத் தேவையைக் கருதிப் பழுதுபார்ப்பவரே தம் எக்ஸைச் சாய்கோடாக்கிவிட்டால், ஆபத்து மறைந்துவிடுவதில்லை. அதை ஏற்க வேண்டியவரின் கண்ணிலிருந்துதான் மறைகிறது. வட்டமிட்ட எக்ஸ் ஒரு துணிவு. சாய்கோடாக மாறிய எக்ஸ் ஒரு பொய். இரண்டிலும் அதே பழுதான கருவியே களத்திற்குச் செல்கிறது.

அழுத்தம் இல்லாமலா? அமெரிக்கத் தரைப்படை தன் தரைக் கருவிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. எண்பத்தெட்டு என்று அறிக்கை எழுதும் தலைவர், அதற்கான காரணத்தையும் எழுதியாக வேண்டும். அந்த இரண்டு புள்ளிகளுக்காக ஒரு பட்டறையில் மாலை நேரத்தில் நடைபெறக்கூடிய உரையாடலை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். பொய் சொல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சீஃப், இதைக் கொஞ்சம் இன்னொரு முறை பாருங்களேன்’ என்பார்கள்.

இது வெறும் கற்பனையன்று. 2015இல் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரியைச் சேர்ந்த லெனர்ட் வாங், ஸ்டீபன் கெராஸ் என்னும் இருவர், தங்கள் படையில் பரவியுள்ள நேர்மைக் குறைவைப் பற்றி ‘நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்ளுதல்’ என்னும் பொருள்பட்ட தலைப்பில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செய்து முடிக்க இயலாத அளவுக்கு ஆணைகளும் படிவங்களும் குவிகின்றன. எல்லாவற்றையும் செய்ததாகக் கையொப்பமிடுவது வழக்கமாகிவிடுகிறது. காலப்போக்கில் அது பொய் என்ற உணர்வே மரத்துப்போகிறது என்பது அவர்கள் கண்டறிந்தது. தங்கள் நிறுவனத்தைப் பற்றித் தாங்களே இப்படி எழுதி வெளியிட முன்வந்தது பாராட்டுக்குரியது. நம் ஊர்ப் பதிவேடுகளைப் பற்றி இப்படி எழுதத் துணிந்தோர் எத்தனை பேர் என்று நாம் இங்கே கேட்கப் போவதில்லை.

பொய்யைவிட நுண்ணியதொரு குறையும் உண்டு. அது தெளிவின்மை. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று விழுந்தது. 28 பேர் மாண்டனர். அவர்களுள் 13 பேர் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து வந்த ஒரு சிறு பிரிவினர். குடிநீரைத் தூய்மைப்படுத்துவதே அவர்கள் பணி. அந்நாட்டில் வந்திறங்கி ஆறு நாள்களே ஆகியிருந்தன. அங்கே காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட்டைத் தடுக்க முயலவே இல்லை.

காரணத்தை அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 1992இல் வெளியிட்டது. பேட்ரியட்டின் கணிப்பொறி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி அலகால் எண்ணியது. பத்தில் ஒன்று என்னும் பின்னம், இரண்டின் அடிப்படையில் எண்ணும் கணிப்பொறிக்குள் முழுமையாக அடங்காது. வால் ஒன்று வெட்டுப்படும். வெட்டுப்படுவது மிகமிகச் சிறிது. ஆனால் கணிப்பொறியை நிறுத்தாமல் ஓடவிட்டால் அது சேர்ந்துகொண்டே போகும். தஹ்ரானில் அவ்வமைப்பு 100 மணி நேரத்திற்கு மேல் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ஆகவே ராடார் வானத்தில் தவறான இடத்தைப் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் பிழை சுழியத்திற்குத் திரும்பியிருக்கும். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதனினும் நம்மை வாட்டுவது அதற்கு முந்தைய கதை. எட்டு மணி நேரம் ஓடினாலே பிழை தெரிகிறது என்று இஸ்ரேலியர் பிப்ரவரி 11ஆம் நாளே அமெரிக்கருக்குத் தெரிவித்திருந்தனர். திருத்திய நிரல் 16ஆம் நாள் வெளியிடப்பட்டது. 21ஆம் நாள் களத்தில் உள்ளோருக்கு ஓர் எச்சரிக்கையும் போனது: மிக நீண்ட நேரம் இயக்கினால் குறி விலகக்கூடும் என்று. ‘மிக நீண்ட’ என்றால் எவ்வளவு? எட்டு மணியா, எண்பது மணியா? அதைச் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் எவரும் தொடர்ந்து இயக்கமாட்டார் என்று எழுதியோர் எண்ணிக்கொண்டனர். திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த நாள் பிப்ரவரி 26.

இதில் எவரும் பொய் சொல்லவில்லை. எழுதியவர் உண்மையையே எழுதினார். ஆனால் வாசிப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்பதை அவ்வுண்மை சொல்லவில்லை. இதைப் பட்டறைப் பராமரிப்பாளரின் தவறு என்றும் சொல்ல முடியாது. நிரலும் எச்சரிக்கையும் மேலிருந்து வந்தவை. எனினும் பராமரிப்புத் தொழிலில் முதிர்ந்த ஒருவர் அந்த வாக்கியத்தைப் படித்ததும் என்ன செய்திருப்பார்? ‘எத்தனை மணி?’ என்று திருப்பிக் கேட்டிருப்பார். அவரது வாழ்க்கையே அளவுகளால் ஆனது. எண் இல்லாத எச்சரிக்கை அவருக்கு எச்சரிக்கையே அன்று. அறநெறியைக் கற்பிக்கும் எம்போன்றோரும் ‘அளவுக்கு மீறாமல்’, ‘தக்க காரணமின்றி’ என்றெல்லாம் சொல்லி அமைதி அடைந்துவிடுகிறோம். கேட்பவர் வீட்டிற்குப் போய் எதைச் செய்வார் என்று எண்ணிப் பார்ப்பது குறைவே.

உண்மையாகக் குறியிட்டு, தெளிவாகச் சொல்லி, கருவியைச் செம்மையாக வைத்திருந்தால் அவர் கடமை முடிந்ததா? தொடக்கத்தில் நாம் கேட்டது அதுவன்று. கருவி நன்றாக இயங்குவதாலேயே விளையும் செயலில் அவருக்குப் பங்கு உண்டா என்பதே நம் வினா.

‘ஃபயர்ஃபைண்டர்’ எனப்படும் ராடாரை எடுத்துக்கொள்வோம். எதிரி ஏவிய குண்டு வானில் வளைந்து வரும்போதே அதன் பாதையை அது கண்டுகொள்ளும். அப்பாதையை முன்னோக்கி நீட்டினால், குண்டு எங்கே விழும் என்று தெரியும்; அங்குள்ளோரை எச்சரித்துக் காப்பாற்றலாம். பின்னோக்கி நீட்டினால், எங்கிருந்து ஏவப்பட்டது என்று தெரியும். சில நிமிடங்களில் அந்த இடத்தின் மீது குண்டு மழை பொழியலாம். ஒரே கருவி, ஒரே கணக்கு, இரண்டு விடைகள். பராமரிப்பவர் இரண்டில் ஒன்றை மட்டும் பழுதுபார்க்க இயலாது. ஏவப்பட்ட இடம் ஒரு வெட்டவெளியாக இருக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்தின் கொல்லைப்புறமாகவும் இருக்கலாம். குண்டு எங்கிருந்து வந்தது என்று ராடார் சொல்லும். அங்கே யார் உறங்குகிறார்கள் என்று சொல்லாது.

குருத்துவக் கல்லூரியில் நாம் பயின்ற அறநெறி நூல்களில், ஏணி பிடிக்கும் பணியாளரைப் பற்றிய பழைய வழக்கொன்று உண்டு. தீய நோக்கோடு ஒரு பெண்ணின் சன்னலில் ஏறும் தலைவனுக்கு ஏணி சுமந்து வந்து பிடித்துக்கொடுக்கும் பணியாள், வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் அப்படிச் செய்தால் பாவமாகாது என்று சிலர் வாதிட்டனர். அக்கருத்தைத் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் 1679இல் கண்டித்தார். பின்வந்த இறையியலார், புனித அல்போன்ஸ் லிகோரி உட்பட, இதை மேலும் நுணுகி ஆய்ந்தனர். தீய செயலை உள்ளத்தால் உடன்பட்டு அதற்கு உதவுவது ஒன்று. உடன்படாமல், தன்னளவில் நடுநிலையான ஒரு வேலையைச் செய்ய, அதை மற்றவர் தீமைக்குப் பயன்படுத்திக்கொள்வது வேறொன்று. பின்னதிலும், உதவி எவ்வளவு நெருக்கமானது, காரணம் எவ்வளவு கனமானது என்று எடைபோட வேண்டும் என்றனர்.

இந்த அளவுகோலால் நம் வாரண்ட் ஆஃபீசரை அளந்தால், பெரும்பாலும் அவர் குற்றமற்றவராகவே நிற்பார். நாட்டுக் காவலில் ஈடுபடுவோர் தம் கடமையைச் செவ்வனே ஆற்றும்போது அமைதிக்குத் தொண்டு செய்கின்றனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஏற்கிறது. ஆனால் ‘நான் பழுதுபார்த்தேன், அவ்வளவே’ என்று ஒருவர் சொல்லும்போது நமக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் இதுதான். ஏணி பிடித்தவருக்கு ஏணியைப் பற்றித் தனியறிவு ஏதுமில்லை. பராமரிப்பாளருக்கோ, கருவியைப் பற்றி அதைப் பயன்படுத்துவோரைவிட அதிகம் தெரியும். அதன் கணக்கில் எத்தனை மீட்டர் பிழை வரும், எந்த நிலப்பரப்பில் அது தடுமாறும், எதை அது ஒருபோதும் அறியாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திரையில் ஒளிரும் புள்ளியை இளம் அதிகாரி தெய்வவாக்காக நம்பும்போது, அப்புள்ளியைச் சுற்றி எவ்வளவு இருள் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அந்தக் கூடாரத்தில் அவர் ஒருவரே. அறிவு எவ்வளவு நெருக்கமோ, பொறுப்பும் அவ்வளவு நெருக்கம். ஆகவே அவரது கடமை கருவி இயங்குகிறது என்று சொல்வதோடு முடிவதில்லை. கருவிக்குத் தெரியாதது எது என்று சொல்வதும் அதில் அடங்கும். இப்படிச் சொல்வது எந்தப் படிவத்திலும் இல்லை என்பதை அறிவோம்.

கேட்பாரா மேலதிகாரி? அதற்கு ஒரு வாரண்ட் ஆஃபீசரின் வரலாற்றையே நினைவுகூர்வோம். அவர் பழுதுபார்ப்பவர் அல்லர், விமானி. அமெரிக்கத் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுவோரில் பெரும்பாலோர் இப்பதவியினரே. 1968ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், வியத்நாமின் மை லாய் பகுதியில் அமெரிக்க வீரர்கள் ஆயுதமற்ற ஊர்மக்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தனர். இறந்தோர் 347 என்பது அமெரிக்கப் படையின் கணக்கு. 504 என்பது வியத்நாமின் கணக்கு. மேலே பறந்துகொண்டிருந்த ஹியூ தாம்ப்சன், அப்போது 24 வயதினர். வாரண்ட் ஆஃபீசரின் முதற்படியில் இருந்தவர். கீழே நடப்பதைக் கண்டு ஹெலிகாப்டரை இறக்கினார். படைவீரர்களுக்கும், பதுங்குகுழியில் ஒளிந்திருந்த மக்களுக்கும் நடுவில் அதை நிறுத்தினார். தம்மினும் பதவியில் உயர்ந்த லெப்டினன்ட்டுடன் வாதிட்டார். அவர்கள் மக்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தம் துணைவர் இருவரிடமும் சொல்லிவிட்டு, குழியிலிருந்தோரை வெளியே அழைத்து, வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து ஏற்றி அனுப்பினார். திரும்பிச் சென்று மேலிடத்தில் முறையிட்டார். சுடுவதை நிறுத்த ஆணை பிறந்தது. அரசு அவருக்கும் அத்துணைவருக்கும் அதற்கென விருதளித்தது 1998இல். அதற்குள் துணைவருள் ஒருவர் போரிலேயே மாண்டு முப்பதாண்டுகள் ஆகியிருந்தன.

கொடுமையான ஆணைகளை அஞ்சாது வெளிப்படையாக எதிர்ப்போரை மிக உயர்வாகப் பாராட்ட வேண்டும் என்று வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் எழுதியது 1965இல். மூன்றே ஆண்டுகளில் அதற்கு உரை எழுதியவர் ஓர் இருபத்து நான்கு வயது விமானி.

அந்தத் துணிவு அன்று காலை திடீரென வானிலிருந்து இறங்கியதாக நாம் எண்ணவில்லை. பறப்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் எந்திரத்தைச் சுற்றிவந்து தொட்டுப் பார்த்து, தகாதெனில் தகாது என்று சொல்லப் பழகிய தொழில் அவருடையது. சிறியதில் உண்மையாயிருப்பவர் பெரியதிலும் அப்படியே இருப்பார் என்று ஆண்டவர் சொன்னதை நாம் பெரும்பாலும் பணத்தோடு பொருத்திப் பார்க்கிறோம். ஓர் இணைப்பியோடும் பொருத்தலாம். ஆயினும் இதை ஒரு விதியாக்க நாம் துணியவில்லை. படிவங்களை அப்பழுக்கின்றி நிரப்பிய கைகளே பெருங்கொடுமைகளுக்கு ஒத்தாசை செய்ததையும் சென்ற நூற்றாண்டு கண்டிருக்கிறது. கருவியிடம் உண்மையாயிருந்த ஒருவர், மனிதரிடம் வந்ததும் வாயடைத்துப் போவது எதனால் என்பது எமக்கு இன்னும் விளங்காத புதிர்.

பதவியில் உயர உயர, திருப்புளி அவர் கையை விட்டு நீங்குகிறது. மூன்றாம், நான்காம் படிகளில் அவர் பெரும்பிரிவுகளின் தலைமையகத்தில் அமர்ந்து, உதிரிப்பாகங்களைக் கணக்கிட்டு, தளபதிகளுக்கு அறிவுரை சொல்பவர். அறைகள் பெரிதாகின்றன, எதிரே அமர்ந்திருப்போரின் தோள்களில் நட்சத்திரங்கள் கூடுகின்றன. அங்கும் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஒரே சொல்தான்: ஆகுமா, ஆகாதா?

ஒருநாள் அவரும் ஓய்வு பெறுகிறார். பொறுப்பிலுள்ள பொருள்களை ஒப்படைக்கும்போது அமெரிக்கப் படையில் ஒரு வழக்கம் உண்டு. வருபவரும் போகிறவரும் சேர்ந்து நின்று, பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சரிபார்க்கின்றனர். முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்வதை, நேற்று வந்தவர் ஏற்றுக்கொள்வதில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்; எண்ணிப் பார்க்கிறார்; அளவுக் கருவியின் சீட்டில் நாள் கடந்துவிட்டதா என்று குனிந்து படிக்கிறார். மூத்தவர் அதில் வருத்தப்படுவதில்லை. அடுத்த பெட்டியையும் தாமே இழுத்து முன்னே வைக்கிறார்.